தீர்ப்பு குருவுடையது, வாள் யாருடையது?

மிகைப்புனைவு நாவல்களிலும் வீடியோ கேம்களிலும் வரும் திருச்சபை நீதிமன்றத்தைப் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் கண்டுவிடலாம். நிலவறை, தீப்பந்தம், முக்காடிட்ட கிழட்டுக் குரு, இடுக்கிகள் அடுக்கிய மேசை, முடிவில் சந்தைத் திடலில் விறகுக் குவியல். பிடித்து வருபவரும் விசாரிப்பவரும் தீர்ப்பளிப்பவரும் கொளுத்துபவரும் ஒரே கூட்டத்தார். அவர்களைத் தட்டிக் கேட்க ஆளில்லை. ஐரோப்பிய இடைக்காலம் இப்படித்தான் இருந்தது என்ற நம்பிக்கையில் இந்தக் காட்சி திரும்பத் திரும்ப எழுதப்படுகிறது. உண்மையில் இருந்த திருச்சபை நீதிமன்றங்கள் பெரும்பாலும் இதைவிடச் சலிப்பூட்டுபவை. சட்ட அமைப்பில் இதைவிட விசித்திரமானவை. ஒருசில இடங்களில் இதைவிடக் கொடூரமானவையும்கூட. கற்பனை நாடு ஒன்றில் நீதியை மதத்தின் கையில் ஒப்படைக்க விரும்பும் எழுத்தாளர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அந்தக் குருவுக்குக் கொல்லும் அதிகாரம் கிடையாது என்பதைத்தான்.

இரத்தம் சிந்திய கையால் திருப்பலி நிறைவேற்றக் கூடாது என்பது பழைய விதி. 1215ஆம் ஆண்டு உரோமையில் கூடிய திருச்சபைத் தலைவர்களின் மாநாடான நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் அதை இறுக்கிக் கட்டியது. மரண தண்டனைத் தீர்ப்பைக் குரு சொல்லக் கூடாது, எழுதக் கூடாது, அது நிறைவேறும் இடத்தில் நிற்கவும் கூடாது. கத்தியும் சூடும் தேவைப்படும் அறுவை மருத்துவத்தைக்கூடக் குறிப்பிட்ட நிலையிலுள்ள குருக்கள் செய்யக் கூடாது என்று அதே விதியில் ஒரு வரி உண்டு. ஆகவே திருச்சபை நீதிமன்றத்திடம் மிஞ்சிய ஆயுதங்கள் அபராதம், பிராயச்சித்தம், ஆயரின் சிறை, சபைநீக்கம் இவ்வளவே. ஒருவரின் உயிரை எடுக்க வேண்டுமானால் வேறொருவரைக் கூப்பிட வேண்டும். அந்த வேறொருவர் வருவாரா, வந்தால் என்ன விலை கேட்பார், வராவிட்டால் என்ன செய்வது? திருச்சபை நீதியின் வரலாறு முழுவதும் இந்தக் கேள்விகளைச் சுற்றியே ஓடுகிறது.

முதலில் சலிப்பூட்டும் பகுதி. எனக்கு இதுதான் அதிகம் பிடிக்கும். இங்கிலாந்தில் முதலாம் வில்லியம் 1070களில் ஆன்மிக வழக்குகளைத் தனி நீதிமன்றத்துக்குப் பிரித்துக் கொடுத்தார். போலோஞாவில் 1140 வாக்கில் கிரேஷியன் தொகுத்த திருச்சபைச் சட்டம் அவற்றுக்குப் படிப்படியாக ஒரு பொது மொழியைத் தந்தது. அந்த நீதிமன்றங்களின் வாசலில் நின்றவர்கள் சூனியக்காரர்களோ மத விரோதிகளோ அல்லர். திருமணத் தகராறு, உயில், தசமபாகம் கொடுக்காதது, ஞாயிற்றுக்கிழமை வேலை செய்தது, தெருவில் ஒருத்தியை வேசி என்று ஏசியது, கள்ள உறவு, சத்தியம் செய்து வாங்கிய கடனைத் திருப்பாதது என்று வந்தவர்கள். கடன் எப்படி ஆன்மிக வழக்காயிற்று என்று கேட்கலாம். சத்தியத்தை மீறியது பாவம், பாவம் திருச்சபையின் எல்லைக்குள் வரும். இந்த வழியாக அன்றாடச் சில்லறைக் கடன்கள் பெருமளவில் ஆயரின் நீதிமன்றத்துக்கு வந்து சேர்ந்தன.

திருமண வழக்குகள் இன்னும் சுவையானவை. 1563இல் திரெந்து பொதுச்சங்கம் மாற்றும்வரை, ஓர் ஆணும் பெண்ணும் ‘உன்னை ஏற்றுக்கொள்கிறேன்’ என்று நிகழ்காலத்தில் சொல்லிக்கொண்டாலே திருமணம் செல்லும். குரு வேண்டாம், சாட்சி வேண்டாம், கோவில் வேண்டாம். இதன் விளைவை ஊகிக்கலாம். தோட்டத்தின் வேலியோரம் சொல்லப்பட்ட ஒரு வாக்கியம் உண்மையிலேயே சொல்லப்பட்டதா, அது நிகழ்காலமா எதிர்காலமா, விளையாட்டுக்குச் சொன்னதா என்று கற்றறிந்த நீதிபதிகள் மாதக்கணக்கில் விசாரித்தார்கள். இங்கிலாந்தின் இடைக்காலத் திருமண வழக்குகளில் பெரும்பாலானவை பிரிவு கேட்டு வந்தவை அல்ல. ‘இவர் ஏற்கெனவே என்னை மணந்தவர், சேர்த்து வையுங்கள்’ என்று கேட்டு வந்தவை. கற்பனை நாட்டின் தலைமைக் குரு டிராகன் வழிபாட்டாளர்களை வேட்டையாடுவதில் செலவிடும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கை இப்படிப்பட்ட வழக்குக்கு ஒதுக்கினாலே அந்த நாட்டில் மனிதர்கள் வாழ்வதாக நமக்கு நம்பிக்கை வரும்.

இந்த நீதிமன்றங்களில் குற்றம் சாட்டப்பட்டவர் ‘நான் செய்யவில்லை’ என்று சத்தியம் செய்து, அவர் சத்தியத்தை நம்புவதாகச் சத்தியம் செய்ய அண்டை அயலாரில் இத்தனை பேரைக் கூட்டி வந்தால் விடுதலை. அங்கே சோதிக்கப்பட்டது நடந்த சம்பவம் அல்ல, ஊரில் அவருக்கு இருந்த பெயர். தோற்றால் வெள்ளைத் துணி போர்த்தி, வெறுங்காலுடன், கையில் மெழுகுதிரியோடு ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குள் எல்லாரும் பார்க்க நடக்க வேண்டும். வசதியுள்ளவர்கள் பணம் கட்டி இந்த நடையிலிருந்து தப்பித்துக்கொள்ளலாம். அழைப்பாணை கொண்டுவரும் சேவகன் அந்தப் பணத்தில் கை வைப்பவன் என்ற கெட்ட பெயர் நாடெங்கும் இருந்தது.

சரி, ஒருவர் அழைப்பாணையை மதிக்கவே இல்லை என்றால்? சபைநீக்கம். அதையும் மதிக்கவில்லை என்றால்? இங்கேதான் அந்த வேறொருவர் வருகிறார். இங்கிலாந்தில் 40 நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஆயர் அரசருக்கு எழுதுவார். அரசரின் அலுவலகம் ஆணை பிறப்பிக்கும். அரசரின் வட்டார அதிகாரியான ஷெரிஃப் போய் ஆளைப் பிடித்துச் சிறையில் அடைப்பார், திருச்சபையோடு சமாதானம் ஆகும்வரை. நரகத்தைக் காட்டி மிரட்டுவதற்கும் கதவைத் தட்டிக் கைது செய்வதற்கும் இடையில் இருந்த தூரம் ஒரு கடிதம். அந்தக் கடிதத்தை எந்த அரசரும் மேசையில் கிடப்பில் போடலாம்.

எதிர்த்திசையிலும் இதே இழுபறி. குற்றம் செய்தவர் குருவாக இருந்தால் அவரை யார் விசாரிப்பது? 1164இல் இரண்டாம் ஹென்றி, திருச்சபை நீதிமன்றம் குற்றவாளி என்று முடிவு செய்து பதவி பறித்த குருவை அரச நீதிமன்றம் தண்டிக்கலாம் என்றார். ஒரே குற்றத்துக்கு இரண்டு முறை தண்டனையா என்று கேன்டர்பரி பேராயர் தாமஸ் பெக்கெட் மறுத்தார். 1170 டிசம்பர் 29 அன்று பெக்கெட் தம் பேராலயத்துக்குள்ளேயே வெட்டிக் கொல்லப்பட்டார். வாதத்தில் வென்றவர் செத்தவர்தான். அதற்குப் பிறகு அரசர் பெருமளவு விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று.

பின்னால் நடந்தது கேலிக்கூத்து. யார் குரு என்பதற்குச் சான்று என்ன? படிக்கத் தெரிந்தவர் குரு. காலப்போக்கில், நீதிமன்றத்தில் 51ஆம் திருப்பாடலின் முதல் அடியைப் படித்துக் காட்டும் எவரும் தூக்கிலிருந்து தப்பலாம் என்றாயிற்று. எழுத்தறியாத திருடர்கள் அந்த அடியை மனப்பாடம் செய்துகொண்டார்கள். ஒரே ஆள் இரண்டு முறை தப்பக் கூடாதென்று 1489இல் கட்டைவிரலில் சூடு போடும் சட்டம் வந்தது. நாடகாசிரியர் பென் ஜான்சன் 1598இல் ஒரு நடிகரைச் சண்டையில் கொன்றுவிட்டு இந்த வழியில்தான் உயிர் பிழைத்தார். 1770இல் பாஸ்டனில் கூட்டத்தை நோக்கிச் சுட்ட பிரிட்டிஷ் சிப்பாய்கள் இருவர், அமெரிக்க மண்ணில், குருக்களாக இல்லாமலேயே இந்தக் குருச் சலுகையைக் கோரிக் கட்டைவிரல் சூட்டோடு வீடு திரும்பினார்கள். இங்கிலாந்தில் இது முற்றிலும் ஒழிந்தது 1827இல். பேராயர் ஒருவர் உயிரைக் கொடுத்துக் காத்த கொள்கை அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் குற்றவாளிகளுக்கான சந்துவழியாகப் பயன்பட்டிருக்கிறது. எந்த மிகைப்புனைவிலும் இவ்வளவு துணிச்சலான சட்ட வேடிக்கையை நான் படித்ததில்லை.

இனி தீயும் இரும்பும். குற்றம் செய்தாரா இல்லையா என்பதைக் கடவுளே காட்டட்டும் என்று, குற்றம் சாட்டப்பட்டவர் பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் கையில் ஏந்தி ஒன்பது அடி நடக்க வேண்டும். கையைக் கட்டி முத்திரை வைப்பார்கள். மூன்றாம் நாள் பிரிக்கும்போது புண் சீழ் பிடித்திருந்தால் குற்றவாளி, ஆறத் தொடங்கியிருந்தால் நிரபராதி. இது மக்களின் மூடநம்பிக்கை என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. நோன்பு, திருப்பலி, இரும்பை மந்திரிப்பது, புண்ணைப் பார்த்து முடிவு சொல்வது என்று தொடக்கம் முதல் கடைசிவரை குருவின் கை இருந்த சடங்கு இது. இன்று ருமேனியாவில் ஒரடியா என்று அழைக்கப்படும் அன்றைய ஹங்கேரிய நகரம் வாராதின் பேராலயப் பதிவேடு 1208 முதல் 1235 வரையிலான 308 இரும்புச் சோதனை வழக்குகளைக் குறித்து வைத்திருக்கிறது. சோதனை முடிந்து முடிவு தெரிந்த 208 வழக்குகளில் 130 பேர் தப்பினார்கள். காய்ச்சிய இரும்பு இத்தனை பேரைச் சுடாமல் விட்டிருக்காது. இரும்பு எவ்வளவு சூடு, நடை எவ்வளவு வேகம், புண் எப்படித் தெரிகிறது என்பதையெல்லாம் தீர்மானித்தவர் குரு. ஊரை அறிந்தவர், இரும்பைத் தொடுவதற்கு முந்தைய நாள்களில் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தவர். சோதனைக்கு அஞ்சாமல் முன்வருபவர் குற்றமற்றவராகத்தான் இருப்பார் என்று அவர் கணித்திருக்கலாம் என்பது சில பொருளியலாளர்களின் விளக்கம். என் பார்வையில் அது பொருந்துகிறது.

அதே 1215 சங்கம் குருக்கள் இந்தச் சோதனைக்கு ஆசி வழங்கக் கூடாது என்றது. இரத்தத்தோடு தொடர்பு வேண்டாம், கடவுளைச் சோதிக்கவும் வேண்டாம். நல்ல நோக்கம்தான். ஆசி இல்லாத இரும்பு வெறும் இரும்பு என்பதால் சில பத்தாண்டுகளில் அந்த முறை பல நாடுகளில் சரிந்தது. இங்கிலாந்தில் 1219இல் நீதிபதிகளுக்கு இனி என்ன செய்வதென்றே தெரியாத நிலை. அந்த வெற்றிடத்தில் ஊர்க்காரர்கள் அடங்கிய ஜூரி வளர்ந்தது. ஐரோப்பியப் பெருநிலத்தில் வேறு கதை. அங்கே உரோமைச் சட்டத்தின் வழியில், கொடிய குற்றத்துக்கு நேரில் கண்ட இரண்டு சாட்சிகள் வேண்டும், இல்லாவிட்டால் ஒப்புதல் வாக்குமூலம் வேண்டும். இருட்டில் நடந்த குற்றத்துக்கு எங்கே போவது இரண்டு சாட்சிக்கு? வாக்குமூலம் தேவைப்பட்டது, வாக்குமூலத்துக்குச் சித்திரவதை தேவைப்பட்டது. கடவுளிடம் கேட்பதை நிறுத்தியவர்கள் உடலிடம் கேட்கத் தொடங்கினார்கள். மத விரோதிகளை விசாரிக்கும்போது உறுப்பு போகாமலும் உயிருக்கு ஆபத்தில்லாமலும் வதைக்கலாம் என்று திருத்தந்தை நான்காம் இன்னொசென்ட் 1252இல் அனுமதி தந்தார்.

மத விசாரணை மன்றம் என்றதும் நினைவுக்கு வரும் நிலவறை இந்தக் கட்டத்தில்தான் திறக்கிறது. அங்கேயும் நடைமுறை நுணுக்கமானது. சாட்சிகளின் பெயர் குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சொல்லப்படாது. பதிலுக்கு, தமக்கு யார் யார் சாவுப்பகை என்று அவர் ஒரு பட்டியல் கொடுக்கலாம். மறைக்கப்பட்ட சாட்சியின் பெயர் அந்தப் பட்டியலில் இருந்தால் அந்தச் சாட்சியம் வலுவிழந்துவிடும். யார் காட்டிக்கொடுத்தது என்று தெரியாமல், வாழ்க்கையில் தன்னை வெறுத்த ஒவ்வொருவரையும் ஒருவன் சிறையில் உட்கார்ந்து நினைவுகூர்வதைவிட நாடகத் தன்மை கொண்ட காட்சி எது? 1307 முதல் துலூஸில் விசாரணை நடத்திய பெர்னார்ட் கி தண்டித்த அறுநூறுக்கும் மேற்பட்டவர்களில் எரியூட்டுவதற்காகக் கைமாற்றப்பட்டவர்கள் 40ஐச் சற்றே தாண்டுவார்கள். மற்றவர்களுக்குச் சிறை, திருப்பயணம், உடையில் தைக்கப்பட்ட மஞ்சள் சிலுவை.

அந்தக் கைமாற்றத்தின் சொற்களைக் கவனிக்க வேண்டும். திருச்சபை ஒருவரைக் கைவிடுவதாக அறிவித்து, உலக அதிகாரத்திடம் ஒப்படைத்து, ‘உயிருக்கும் உறுப்புக்கும் தீங்கில்லாமல் நடத்துங்கள்’ என்று வேண்டிக்கொள்ளும். வேண்டுகோளை அப்படியே ஏற்று அந்த ஆளை உயிரோடு விட்டுவைக்கும் அதிகாரிக்குச் சபைநீக்கம் காத்திருக்கும். 1252 ஆணைப்படி ஐந்து நாளுக்குள் காரியம் முடிய வேண்டும். கபடம் என்று ஒரே சொல்லில் இதை ஒதுக்கிவிடலாம், கபடம்தான். ஆனாலும் சட்டத்தில் அந்த இடைவெளி இருந்ததால், கையை நீட்ட மறுக்கும் நகரங்களும் பிரபுக்களும் அவ்வப்போது இருந்தார்கள். உலக அதிகாரம் துணை நிற்காத இடத்தில் விசாரணை மன்றம் பல்லில்லாதது. சென்னைப்பட்டணத்தில் ஆங்கிலேயர் கோட்டைக்குள் கத்தோலிக்கர்களுக்கு ஊழியம் செய்த பிரெஞ்சு கப்புச்சின் துறவி எஃப்ரேம் தெ நெவேர்மேல் கோவா விசாரணை மன்றத்துக்குக் கண் இருந்தது. கோட்டைக்குள் அவரைத் தொட முடியவில்லை. 1649இல் அவர் சில மைல் தெற்கே போர்ச்சுகீசியர் ஆண்ட சாந்தோமுக்குப் போனபோதுதான் பிடித்துக் கோவாவுக்கு அனுப்பினார்கள்.

இந்த இடைவெளி முற்றிலும் மூடிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜெர்மனியின் பாம்பெர்க் விடை வைத்திருக்கிறது. அங்கே ஆயரே அரசரும். ஆயராக எழுத முடியாத மரணத் தீர்ப்பை, அவர் இளவரசர் என்ற முறையில் தம் அதிகாரிகள் மூலம் எழுதிக்கொள்ளலாம். 1623இல் ஆயரான ஃபூக்ஸ் ஃபான் டோர்ன்ஹைம் காலத்தில், பயிரை அழித்த பனிக்கும் போருக்கும் பஞ்சத்துக்கும் சூனியக்காரர்களே காரணம் என்ற வேட்டை உச்சத்துக்குப் போனது. 1627இல் சூனியக் கைதிகளுக்கென்றே தனிச் சிறை கட்டினார்கள். வேட்டையை எதிர்த்த ஆட்சித் தலைமைச் செயலர் கியோர்க் ஹான் கொல்லப்பட்டார். அவர் மனைவியும் மக்களும்கூட. நகரத் தலைவர்களுள் ஒருவரான யோஹானஸ் யூனியுஸ் 1628 ஜூலையில் சிறையிலிருந்து மகள் வெரோனிகாவுக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. நசுக்கப்பட்ட விரல்களால் எழுதியது. குற்றமற்றவனாக வந்தேன், குற்றமற்றவனாக வதைபட்டேன், குற்றமற்றவனாகச் சாக வேண்டும் என்று தொடங்கி, வதைத்த கொலைஞனே தம்மிடம் ‘ஐயா, கடவுள் பெயரால் எதையாவது கற்பனை செய்து ஒப்புக்கொள்ளுங்கள், விட மாட்டார்கள்’ என்று கெஞ்சியதை அவர் விவரிக்கிறார். பிறகு உடந்தையானவர்களின் பெயர் கேட்டார்கள். தெருத்தெருவாக அவர் நினைவை நடத்திச் சென்று, இந்தத் தெருவில் யார், அந்தத் தெருவில் யார் என்றார்கள். அடுத்த மாதம் அவரை எரித்தார்கள்.

இதில் உறுத்தும் ஒரு செய்தி உண்டு. போதிய ஐயம் எழும்வரை யாரையும் வதைக்கக் கூடாது என்று கட்டுப்பாடு விதித்த, பாம்பெர்க்கும் உள்ளடங்கிய புனித உரோமைப் பேரரசின் 1532 குற்றவியல் சட்டத்துக்கு முன்மாதிரி, 1507இல் இதே பாம்பெர்க் ஆயருக்காக எழுதப்பட்ட சட்டம்தான். அதாவது சட்டம் போதாமல் போனதால் அந்தச் சாவுகள் நிகழவில்லை. சட்டத்தை மீறும்போது தடுக்கும் இடத்தில் வேறு யாரும் இல்லை. பேரரசின் உயர் நீதிமன்றத்தின் ஆணைகள் வந்தன, கிடந்தன. கைதிகளின் சொத்தைப் பறிமுதல் செய்யக் கூடாது என்ற பேரரசரின் கட்டளையும் ஸ்வீடன் படையின் வருகையும் சேர்ந்த பிறகே 1631இல் வேட்டை நின்றது. சொத்தில் கை வைக்க முடியாது என்றானதும் தீ குறைந்ததை எழுத்தாளர்கள் குறித்துக்கொள்ளலாம்.

ஒரு நியாயத்துக்காகச் சொல்ல வேண்டும்: ஐரோப்பாவில் சூனியத்துக்காகக் கொல்லப்பட்டவர்களில் பெரும்பாலானவர்களைக் கொன்றவை நகர, பிரபு நீதிமன்றங்கள். பெயரைக் கேட்டாலே நடுங்கவைக்கும் ஸ்பானிய விசாரணை மன்றம் இதில் எதிர்பாராத பக்கத்தில் நிற்கிறது. பாஸ்க் பகுதியில் கிளம்பிய பீதியில் அதன் லொக்ரோஞோ நீதிமன்றம் 1610 நவம்பரில் ஆறு பேரை எரிக்கக் கொடுத்தது உண்மை. மூன்று நீதிபதிகளில் இளையவரான அலோன்சோ தெ சலாசார் அதற்குப் பிறகு மலைக் கிராமங்களுக்கு நேரில் போனார். 1,800 பேர் அளவில் வாக்குமூலம் வாங்கினார். பெரும்பாலோர் சிறுவர் சிறுமியர். ஒரே கூட்டத்துக்குப் போனதாகச் சொன்னவர்களைத் தனித்தனியே விசாரித்தால் இடமே ஒத்துவரவில்லை. சூனியத் தைலம் என்று கொண்டுவந்த 22 பானைகளும் போலி. பேச்சும் எழுத்தும் தொடங்கும்வரை அங்கே சூனியக்காரரும் இல்லை, சூனியம் வைக்கப்பட்டவரும் இல்லை என்று மேலிடத்துக்கு எழுதினார். மத்ரித் தலைமை மன்றம் 1614இல் அதை ஏற்று விதிகளைக் கடுமையாக்கியது. சலாசார் மற்றவர்களைவிடக் கருணையுள்ளவர் என்பதைவிட, அவர் அறிக்கையைப் படிக்க மேலே ஒரு மன்றம் இருந்தது என்பதும், அந்த மன்றத்துக்குப் பதிவேடு பார்க்கும் பழக்கம் இருந்தது என்பதும் முக்கியம் என்று நினைக்கிறேன். பாம்பெர்க்கில் ஹானின் எதிர்ப்பை யார் கேட்டார்கள்?

கற்பனை நாட்டுக்கு வருவோம். அங்கே ஒரு சிக்கல் கூடுதலாக உண்டு: கடவுள் உண்மையிலேயே பதில் சொல்லக்கூடும். உண்மையைக் கக்க வைக்கும் மந்திரம், பொய் சொன்னால் கருகும் நாக்கு, குற்றவாளியை மட்டும் சுடும் இரும்பு. பல எழுத்தாளர்கள் இந்த வசதியைக் கொடுத்துவிட்டு, அதே நாட்டில் நிலவறையையும் இடுக்கியையும் வைத்திருக்கிறார்கள். இரண்டும் ஒன்றாக நிற்காது. இரும்பு தவறாதென்றால் வதைக்க வேண்டிய தேவை இல்லை; குற்றவாளி சோதனைக்கே வர மாட்டான்; வாராதின் பதிவேட்டைப் போன்ற ஒன்றில் எல்லாப் பக்கத்திலும் விடுதலை என்றே இருக்கும். மிஞ்சுவது இரும்பால் தீராத வழக்குகள். கொன்றான் என்பது சரி, அது கொலையா தற்காப்பா? ‘ஏற்றுக்கொள்கிறேன்’ என்றாள் என்பது சரி, எந்த எண்ணத்தில்? கடவுள் ஆம், இல்லை என்று மட்டும் சொல்பவரானால் வழக்கறிஞர்களுக்கு வேலை இரட்டிப்பாகும். ஆயர்மேலேயே குற்றம் வந்தால் இரும்பைக் காய்ச்சுபவர் யார் என்ற கேள்வியும் அப்படியே நிற்கும்.

அரசர்களுக்கும் தவறாத கடவுள் உகந்தவர் அல்லர். பதினொன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் வில்லியம் ரூஃபஸ், தம் காட்டில் மான் திருடியதாக ஐம்பது பேரை இரும்புச் சோதனைக்கு அனுப்பினார். ஐம்பது பேர் கையும் பழுதில்லாமல் இருந்ததைக் கேட்டதும் அவர் இறைவனின் நீதியை வியக்கவில்லை. கடவுளின் தீர்ப்பு ஆளுக்கேற்றபடி வளைகிறது, இனிமேல் இவர்கள் என் தீர்ப்புக்குப் பதில் சொல்லட்டும் என்று சீறியதாக அக்காலத் துறவி எட்மர் எழுதிவைத்திருக்கிறார். அந்த ஐம்பது கைகளையும் கட்டிப் பிரித்த குருக்கள் அப்போது எங்கே நின்றார்கள் என்பதிலிருந்து ஒரு நல்ல நாவலைத் தொடங்கலாம்.